பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல எந்தப் பக்கம் நடக்கணும்? நடக்கறவங்களுக்கு என்னதான் ரூல்?

மாம்பலம்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு, சுகர் இருக்கு, டாக்டர் தினமும் நடந்தே ஆகணும்னு சொல்லிட்டார். எங்க தெருவுல பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கு ஆனா வீட்டுக்கு வீடு கார் ஏத்த சாய்வு போட்டு வச்சிருக்காங்க, நடுவுல ஈபி பாக்ஸ், அதுக்குப் பக்கத்துல யாரோ ஒருத்தர் நிரந்தரமா நிறுத்தி வச்ச பைக், அதனால ரோட்டுல இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கு. இப்ப வீட்ல ஒரே வாக்குவாதம். அம்மா இடது ஓரமாத்தான் போவேன், பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்கன்னு நிக்கறாங்க. தம்பி வலது பக்கம்தான் பாதுகாப்புங்கறான். எது சரி? அப்புறம் இன்னொண்ணு, ஜீப்ரா கிராஸிங்ல நாம கால் வச்சா வண்டி நிக்கணும்னு நிஜமாவே சட்டம் இருக்கா? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அம்மாகிட்ட தைரியமா சொல்லணும்.

பழைய_ஓவர்சியர்:
மீனாம்மா, உங்க தம்பி சொல்றதுதான் சரி. நம்ம நாட்டுல வண்டி இடது பக்கமா ஓடுது, அப்ப நீங்க வலது ஓரமா நடந்தா உங்களை ஒட்டி வர்ற வண்டி எதிர்ல இருந்து வரும், கண்ணுக்குத் தெரியும், அவன் தடுமாறினாலும் ஒரு எட்டு ஒதுங்கிக்கலாம். இடது ஓரம் போனா எல்லாமே முதுகுக்குப் பின்னாடி வரும், ஹாரன் அடிச்சாத்தான் தெரியும், அதுவும் வயசானவங்களுக்குக் காது மந்தமா இருந்தா ரொம்ப ஆபத்து. ஜப்பான்லயும் இங்கிலாந்துலயும் வண்டி நம்மள மாதிரியே இடது பக்கம்தான், ரெண்டு ஊர்லயும் பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல வலது பக்கம் எதிர்முகமா நடங்கன்னுதான் சொல்றாங்க, ஜப்பான்ல 1949லயே மாத்திட்டாங்க. பள்ளிக்கூடத்துல சொன்ன இடது பக்கம் வண்டிக்கும் சைக்கிளுக்கும் உள்ளது, அதை நடக்கறவங்களுக்கும் சேத்தே சொல்லிக்கொடுத்துட்டாங்க.

ஒரே ஒரு இடத்துல கவனம் வேணும். ரோடு வலது பக்கமா சட்டுனு வளையற இடத்துல வலது ஓரம் நடந்தா, எதிர்ல திரும்பற வண்டிக்காரனுக்கு நீங்க கடைசி நிமிஷம் வரைக்கும் தெரிய மாட்டீங்க, சுவரோ மரமோ மறைச்சிடும். அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடியே எதிர்ப்பக்கம் மாறி, வளைவு தாண்டினதும் திரும்ப வந்துடணும்.

ஜீப்ரா கிராஸிங்குக்கு சட்டம் உண்டு, நல்லாவே உண்டு. 1989ல இருந்த சாலை விதிகளை எடுத்துட்டு 2017ல மத்திய அரசு புதுசா ஓட்டுநர்களுக்கான ஒழுங்குமுறைன்னு கொண்டு வந்தாங்க. சிக்னலோ போலீஸோ இல்லாத ஜீப்ரா கிராஸிங்கை நெருங்கினா வண்டிக்காரன் வேகத்தைக் குறைக்கணும், நிக்கணும், நடக்கறவங்களுக்கும் வீல்சேர்ல போறவங்களுக்கும் வழி விடணும்னு அதுல தெளிவா இருக்கு. முன்னாடி டிராபிக் நின்னு போயி நம்ம வண்டி கோட்டு மேலயே நிக்க வேண்டி வரும்னு தெரிஞ்சா உள்ள நுழையவே கூடாது. பிளாட்பாரத்து மேல வண்டி ஓட்டறதுக்கும் தடை, சீருடையில இருக்கற போலீஸ் சொன்னாலோ போர்டு அனுமதிச்சாலோ மட்டும்தான் ஏறலாம். இதெல்லாம் எல்எல்ஆர் போடும்போதே படிச்சிருக்கணும்.

தென்காசி_துரை:
ஓவர்சியர் அண்ணாச்சி சொல்லுதது காகிதத்துல சரிதான், ஆனா எங்க ஊர் பஜார் ரோட்டுல வலது பக்கம் நடந்து பாருங்க. ராங் சைடுல வர்ற பைக்கு எல்லாம் அந்த ஓரத்துலதான் வரும், அதுவும் நமக்குப் பின்னாடி இருந்து, சத்தமே இல்லாம, இப்ப பேட்டரி ஸ்கூட்டர் வேற வந்தாச்சு. எதிர்ல வர்றவனைப் பாத்துக்கிட்டே நடப்போம், பின்னாடி இருந்து ஹேண்டில்பார் முழங்கைல இடிக்கும். எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு, கை எலும்புல விரிசல். அதனால கண்ணை மூடிக்கிட்டு வலது பக்கம்னு சொல்லிர முடியாது, அந்தந்த ரோட்டைப் பாத்துத்தான் சொல்லணும்.

பழைய_ஓவர்சியர்:
துரை தம்பி, அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு? நீங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன், ராங் சைடு வண்டி ஜாஸ்தியா உள்ள பஜார்ல எந்த ஓரமும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஆனா அங்க வண்டி மெதுவாத்தான் வரும், அடிபட்டாலும் பெரும்பாலும் உயிர் தப்பிக்கும். ஊருக்கு வெளிய, தெருவிளக்கு இல்லாத ரோட்டுல லாரியும் காரும் வேகமா வர்ற இடத்துலதான் உயிர் போகுது, அங்க வலது பக்கம்ங்கறதுல எனக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் இல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் போட்ட கணக்குப்படி 2022ல விபத்துல செத்தவங்க 1,68,491 பேர், அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. அஞ்சுல ஒருத்தர்னு வச்சிக்குங்க.

ஒட்டன்சத்திரம்_முருகு:
இந்தப் பேச்சுல பாதயாத்திரைக்காரங்களையும் சேத்துக்கணும். தைப்பூசத்துக்கு மூணு நாலு மாவட்டத்துல இருந்து லட்சக்கணக்கான பேர் பழனிக்கு நடந்து வர்றாங்க, பாதிப் பேர் வெயில் தாங்காம ராத்திரிதான் நடப்பாங்க. எங்க பக்கம் பழனி போற ரோட்டுல பாதயாத்திரைக்குன்னே பேவர் பிளாக் போட்ட தனிப்பாதை இருக்கு, அது இருக்கற வரைக்கும் நிம்மதி. பாதை இல்லாத இடத்துலதான் கொடுமை. போலீஸ்காரங்க ஒளி பட்டா மின்னுற ஸ்டிக்கரை முதுகுப்பைலயும் கைத்தடிலயும் ஒட்டி விடறாங்க, நல்ல வேலை, ஆனா பச்சை வேட்டி காவி வேட்டி கட்டிக்கிட்டு இருட்டுல வந்தா அம்பது அடிக்குள்ள வந்தப்புறம்தான் டிரைவருக்கு ஆள் இருக்கறதே தெரியும். எங்க குழுவுல நான் கண்டிப்பா சொல்றது ரெண்டுதான். ஒத்தை வரிசைல போகணும், அரட்டை அடிக்கறதுக்கு நாலு பேர் சேந்து ரோட்டை அடைக்கக் கூடாது. அப்புறம் முன்னாடி போறவர் கையிலயும் கடைசியா வர்றவர் கையிலயும் டார்ச் இருந்தே ஆகணும். ஸ்டிக்கர் முதுகுல மட்டும் போதாது, எதிர்முகமா நடந்தா மாருலயும் வேணும், இதை நிறைய பேர் யோசிக்கறதில்ல.

இரவுசவாரி:
நான் ராத்திரி புட் டெலிவரி ஓட்டறவன். முருகு அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை, எதிர்ல ஒருத்தன் ஹைபீம்ல வந்தா நமக்கு ஒரு ரெண்டு செகண்ட் எதுவுமே தெரியாது, அந்த ரெண்டு செகண்ட்ல ரோட்டோரம் ஆள் இருந்தா சாமி தான் காப்பாத்தணும். ஆனா நடக்கறவங்களும் கொஞ்சம் பாக்கணுங்க, காதுல ஹெட்செட் போட்டு போனைப் பாத்துக்கிட்டே மீடியன் கம்பிக்கு நடுவுல நுழைஞ்சு வர்றாங்க. அவங்களுக்கு பைன் ஏதும் கிடையாதா?

மாம்பலம்_மீனா:
தம்பி, மீடியன்ல ஏன் நுழையறாங்கன்னு யோசிங்க. எங்க பக்கத்து மெயின் ரோட்டுல பஸ் ஸ்டாப் ஒரு இடத்துல இருக்கு, கிராஸிங் கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. முட்டி வலி உள்ளவங்க கால் கிலோமீட்டர் போய் திரும்ப கால் கிலோமீட்டர் வரணும்னா எப்படி? போன் பாக்கறது தப்பு, நான் மறுக்கல, ஆனா கிராஸிங் எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றவங்க ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டு நடந்து பாத்திருக்கணும்.

சிராங்கூன்_செல்வி:
சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். தம்பி கேட்ட பைன் இங்க உண்டு, கிராஸிங், மேம்பாலம், சுரங்கப்பாதை ஏதாவது 50 மீட்டருக்குள்ள இருக்கும்போது அதை விட்டுட்டு வேற இடத்துல குறுக்க போனா குத்தம். ஆனா மீனாக்கா சொன்னதுதான் இதுல முக்கியம், 50 மீட்டர்னு ரூல் போட முடியுதுன்னா அந்த அளவுக்குக் கிராஸிங் வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வயசானவங்களுக்கு இங்க ஒரு வசதி இருக்கு, 2009ல இருந்து. முதியவர் கார்டை சிக்னல் கம்பத்துல தட்டினா நடக்கறவங்களுக்கான பச்சை மனுஷன் விளக்கு 3ல இருந்து 13 செகண்ட் வரைக்கும் கூடுதலா எரியும், ரோடு எவ்வளவு அகலமோ அதைப் பொறுத்து. என் மாமியார் ஊர்ல இருந்து வந்தப்ப அந்தக் கம்பத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் அதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. பிளாட்பாரத்துல இ-ஸ்கூட்டர் ஓட்டறதையும் 2019 நவம்பர்ல தடை பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் இங்கயும் நடக்கறவங்க பயந்துதான் நடந்தாங்க.

பழைய_ஓவர்சியர்:
செல்வி சொன்ன செகண்ட் கணக்கை நம்ம ஊருக்குப் போட்டுக் காட்டறேன். ஒரு லேன் 3.5 மீட்டர், நாலு லேன் ரோடுன்னா 14 மீட்டர். சிக்னல் டிசைன் பண்ணும்போது ஆள் நடக்கற வேகம் செகண்டுக்கு 1.2 மீட்டர்னு எடுத்துக்குவாங்க, அப்ப 12 செகண்ட் போதும்னு வரும். மீனாவோட அம்மா மாதிரி உள்ளவங்க செகண்டுக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிசு, அவங்களுக்கு 17, 18 செகண்ட் வேணும். 12 செகண்ட் சிக்னல்ல அவங்க மூணு லேன் கூட முழுசாத் தாண்டியிருக்க மாட்டாங்க, வண்டிக்குப் பச்சை விழுந்துடும், பின்னாடி இருந்து ஹாரன். இதுக்குத்தான் நடுவுல மீடியன்ல ஒதுங்கி நிக்க இடம் விடணும்னு சொல்றது, பாதி தாண்டி மூச்சு வாங்கிட்டு மீதி தாண்டலாம். மீடியன்ல செடி வைக்கறாங்க, விளம்பர போர்டு வைக்கறாங்க, ரெண்டு ஆள் நிக்க இடம் மட்டும் விட மாட்டேங்கறாங்க.

இரவுசவாரிக்கு: மோட்டார் வாகனச் சட்டம் முக்கியமா வண்டி ஓட்டறவனைக் கட்டுப்படுத்தற சட்டம். அதுக்காக நடக்கறவங்க எப்படி வேணா போலாம்னு இல்ல, விபத்து நஷ்டஈடு கேஸ்ல நடந்து போனவர் பேர்லயும் கவனக்குறைவு இருக்குன்னு கோர்ட் நினைச்சா நஷ்டஈட்டைக் குறைப்பாங்க. அடிச்சிட்டு நிக்காம ஓடிட்டா, வண்டி யாருதுன்னே தெரியலைன்னாலும் அரசு திட்டத்துல இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 உண்டு, 2022 ஏப்ரல்ல இருந்து இந்தத் தொகை. நிறைய குடும்பத்துக்கு இது தெரியாமலே போயிடுது. அடிபட்டவங்களைத் தூக்கிட்டுப் போறவங்களுக்கும் 2019 திருத்தத்துல பாதுகாப்பு குடுத்துட்டாங்க, கேஸ்ல மாட்டிக்குவோம்னு பயந்து யாரும் ஒதுங்கிப் போகாதீங்க.

நடராஜா_சர்வீஸ்_கோவை:
சிக்னல்ல 12 செகண்டாவது கிடைக்குதேன்னு சந்தோஷப்படுங்க. எங்க கோவையில பல சந்திப்புல சிக்னலையே எடுத்துட்டு யூ டர்ன், ரவுண்டானான்னு மாத்தியாச்சுங்க. வண்டிக்காரங்களுக்கு ரொம்ப சந்தோஷம், நிக்காம போயிட்டே இருக்கலாம். நடக்கறவன் நிலைமை என்னங்க? சிக்னல் இருந்தப்ப சிவப்பு விழும், வண்டி நிக்கும், நாம தாண்டுவோம். இப்ப வண்டி நிக்கறதே இல்ல, விட்டு விட்டு வந்த வண்டி இப்ப விடாம வருது. நான் பாத்தது சொல்றேன், ஒரு பாட்டி கையில காய்கறிப் பையோட ரோட்டோரம் நின்னு ஒரு காலை முன்ன வைக்கறதும் பின்ன எடுக்கறதுமா இருந்தாங்க, கடைசியில ஒரு பஸ் கண்டக்டர் இறங்கி கையைக் காட்டி நிறுத்தித்தான் கூட்டிட்டுப் போனாருங்க. ரேஸ்கோர்ஸ் ரோட்டைப் பாத்தா கண்ணு நிறையும், அவ்வளவு அழகா அகலமா நடைபாதை. ஆனா அது வாக்கிங் போறவங்களுக்கு. வேலைக்கு நடந்து போறவங்க, பஸ் ஏற நடக்கறவங்க எல்லாம் அவிநாசி ரோட்டுலயும் காந்திபுரத்துலயும்தான் இருக்காங்க, அவங்களுக்கு யூ டர்ன் போடற இடத்துலயாவது பட்டன் அமுக்கினா சிவப்பு விழற சிக்னல் வைக்கணுங்க.

இரவுசவாரி:
கோவை அண்ணா சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, ஃப்ரீ லெஃப்ட். சிக்னல் இருக்கற இடத்துல கூட இடது பக்கம் திரும்பற வண்டி நிக்கவே நிக்காது. நேரா போற வண்டிக்கு சிவப்பு விழுந்து, நடக்கறவங்க இறங்கும்போது லெஃப்ட்ல திரும்பறவன் ஹாரன் அடிச்சிக்கிட்டே காலுக்குக் குறுக்க வர்றான். நான் லெஃப்ட்ல சிவப்புக்கு நின்னா பின்னாடி இருக்கறவன் திட்டறான், காரை வச்சு முட்டவே வர்றான்.

பழைய_ஓவர்சியர்:
நீங்க நிக்கறதுதான் சரி தம்பி, தொடர்ந்து நில்லுங்க. ஃப்ரீ லெஃப்ட்டுன்னு போர்டோ பச்சை அம்பு லைட்டோ இருந்தா மட்டும்தான் போகலாம், இல்லைன்னா சிவப்புன்னா எல்லாருக்கும் சிவப்பு. போர்டு இருந்தாலும் குறுக்க ஆள் நடந்தா அவங்களுக்குத்தான் முதல் வழி.

மாம்பலம்_மீனா:
இப்ப பிளாட்பாரத்துக்கு வர்றேன். தி. நகர்ல பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடைபாதை வளாகம் திறந்தாங்களே, அங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனா ஒரு பயமும் இல்லாம நடக்கறாங்க, நடுவுல உக்கார இடம் கூட இருக்கு. மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி. நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023 மே மாசம் திறந்த ஆகாய நடைபாதை, 570 மீட்டர், லிஃப்ட் வேற இருக்கு, ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டறதுக்கு அது பெரிய உதவி. ஆனா வீட்டுல இருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் உள்ள தெருவுலதான் எல்லா கஷ்டமும். வீட்டுக்கு முன்னாடி சாய்வு போடறது சட்டப்படி சரியா? கேட்டா எங்க வீட்டு வாசல், நாங்க என்ன வேணா செய்வோம்ங்கறாங்க.

பழைய_ஓவர்சியர்:
வாசல் அவங்களோடது, பிளாட்பாரம் ஊரோடது. இந்திய சாலைகள் காங்கிரஸ்ங்கற சாலைப் பொறியாளர் அமைப்பு போட்ட ஐஆர்சி 103ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு, நடக்கறவங்க வசதிக்குன்னே எழுதினது. தடை இல்லாம நடக்கற அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், உயரம் ரோட்டுல இருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. 1.8 மீட்டர் ஏன்னா ரெண்டு வீல்சேர் எதிரும் புதிருமா தாண்டிப் போகணும். சுவரை ஒட்டி ஒரு பகுதி, நடுவுல நடக்கற பகுதி, ரோட்டை ஒட்டி மரம், கம்பம், ஈபி பாக்ஸ், பெஞ்சுக்கு ஒரு பகுதின்னு மூணாப் பிரிச்சுத்தான் யோசிக்கணும். நம்ம ஆளுங்க மூணையும் நடுப் பகுதியிலயே நட்டுடறாங்க.

வீட்டு வாசல் விஷயத்துக்கு இதுதான் முறை: பிளாட்பாரம் எந்த வாசல்ல வந்தாலும் இறங்கக் கூடாது, அதே மட்டத்துல நேரா ஓடணும். கார்தான் ஏறி இறங்கணும், அதுக்கான சாய்வு ரோட்டை ஒட்டின அந்த ஓரப் பகுதிக்குள்ளயே முடிஞ்சிடணும். இப்ப நடக்கறது தலைகீழ், காருக்காக பிளாட்பாரத்தையே வெட்டி இறக்கறாங்க, இல்லைன்னா மேல சிமெண்ட் மேடு போடறாங்க. பத்து வீடு தாண்டறதுக்குள்ள பத்து தடவை ஏறி இறங்கணும், முட்டி வலிக்காரங்க ரோடே தேவலன்னு இறங்கிடறாங்க.

தென்காசி_துரை:
அண்ணாச்சி, உயரம் 150ன்னு சொன்னீங்க, எங்க ஊர்ல ரோடு போடும்போது பழசைச் சுரண்டாம மேல மேல தார் போட்டு சில தெருவுல பிளாட்பாரம் பள்ளத்துக்குப் போயிட்டு, மழைக்குக் கால்வாய் மாதிரி தண்ணி ஓடுது. வேற சில இடத்துல முழங்கால் உயரம் கட்டி வச்சிருக்காங்க, கிழவி எப்படி ஏறுவா. அப்புறம் தள்ளுவண்டிக் கடை, அதை எல்லாம் மொத்தமா எடுத்துட்டாலே பாதிப் பிரச்சினை தீந்துரும்லா.

கடைத்தெரு_மகள்:
துரை அண்ணே, அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதறேன். எங்கம்மா பிளாட்பாரத்துல பூக்கட்டி வித்துத்தான் என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வச்சாங்க. 1985ல மும்பை நடைபாதைவாசிகள் சம்பந்தமான ஓல்கா டெல்லிஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் நடைபாதை பொதுமக்கள் நடக்கறதுக்குன்னு சொன்னது எங்களுக்கும் தெரியும், அதே தீர்ப்புலதான் வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமையோட சேந்ததுன்னும் சொன்னாங்க. 2014ல தெரு வியாபாரிகளுக்குன்னே சட்டம் வந்துச்சு. நகர விற்பனைக் குழு அமைக்கணும், அதுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், கணக்கெடுத்து சான்றிதழ் குடுக்காம யாரையும் காலி பண்ணக் கூடாதுன்னு இருக்கு. எங்கம்மா கூடை ரெண்டடி. பக்கத்துல பெரிய கடைக்காரர் போர்டையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி வச்சிருக்கற இடம் பத்தடி, அதை யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்றதே இல்ல. ஓவர்சியர் ஐயா சொன்ன மாதிரி ரோட்டோரப் பகுதியில எங்களுக்கு இடம் கோடு போட்டுக் குடுங்க, நடக்கற பாதையை நாங்களே காவல் காப்போம். ஆள் நடந்தாத்தான் எங்களுக்கு யாவாரம், ராத்திரி ஏழு மணிக்கு மேல அந்தப் பிளாட்பாரத்துல பொண்ணுங்க பயமில்லாம நடக்கறாங்கன்னா நாங்க லைட் போட்டு உக்காந்திருக்கறதாலதான்.

தென்காசி_துரை:
நியாயம் தங்கச்சி. நான் சொன்னது வண்டிய நடுப்பாதைல குறுக்க நிறுத்துதவங்களை. ஜெனரேட்டர் விஷயம் எங்க பஜார்லயும் அப்படியேதான்.

வெள்ளைக்கோல்:
இழையை போன்ல ஸ்கிரீன் ரீடர் வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குக் கண் பார்வை இல்ல, தினமும் தனியாத்தான் ஆபீஸ் போய்வர்றேன். பிளாட்பாரத்துல மஞ்சள் கலர்ல மேடு மேடா டைல்ஸ் பதிச்சிருப்பாங்க, பார்வை உள்ளவங்க நிறைய பேர் அது அழகுக்குன்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. நீளக் கோடு கோடா இருந்தா நேரா போகலாம்னு அர்த்தம், வட்ட வட்டமா புள்ளி இருந்தா நில்லு, திருப்பம் இருக்கு, இல்ல கிராஸிங் வருதுன்னு அர்த்தம். ஜப்பான்ல 1967ல முதல் முதலா ரோட்டுல பதிச்சாங்க. கோல் நுனியிலயும் செருப்பு அடியிலயும் அது எனக்குத் தெரியும். நான் போற ஒரு ரோட்டுல கோடு டைல்ஸைப் புடிச்சிக்கிட்டே நடந்தா அது நேரா ஒரு ஈபி பாக்ஸ்ல போய் முட்டும். பதிச்சவங்க பாக்ஸ் இருக்கறதைப் பாத்துக்கிட்டே பாக்ஸ் வரைக்கும் பதிச்சு, அந்தப் பக்கத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. இன்னொரு இடத்துல மூடி இல்லாத மழைநீர்க் கால்வாய் வரைக்கும் போகுது. வழி காட்டற டைல்ஸே ஏமாத்திட்டா நான் எதை நம்பி கால் வைக்கறது? டைல்ஸே இல்லைன்னா நான் கோலால தட்டித் தட்டி கவனமாப் போயிடுவேன்.

பைக் ஏறாம இருக்க கம்பம் நடறாங்க இல்லையா, அதுவும் கவனிச்சு நடணும். நெருக்கமா நட்டா வீல்சேர் போகாது, விட்டு நட்டா பைக் நுழையும். அதுக்குக் கம்பம் மட்டும் போதாது, பைக் ஏறினா பைன் போடணும், நாலு பேருக்குப் போட்டா நாப்பது பேர் ஏறறதை விட்டுடுவாங்க. அப்புறம் ஒரு வேண்டுகோள், உதவி பண்ண வர்றவங்க கையைப் புடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையை என்னைப் புடிச்சிக்கச் சொல்லுங்க, நீங்க ஏறறதும் இறங்கறதும் அதுல எனக்குத் தானாத் தெரிஞ்சிடும்.

மாம்பலம்_மீனா:
சார், நாளைக்கே எங்க தெரு டைல்ஸைப் போய்ப் பாக்கறேன். இவ்வளவு விவரம் இருக்கும்போது கோர்ட் ஏதாவது சொல்லியிருக்கணுமே?

நடராஜா_சர்வீஸ்_கோவை:
சொல்லியிருக்காங்க, அதுல எங்க ஊர்க்காரர் பங்கும் இருக்குங்க. கோவை எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012ல சுப்ரீம் கோர்ட்ல பொதுநல வழக்குப் போட்டார். அந்தக் கேஸ்லதான் 2025 மே மாசம், தடை இல்லாத, மாற்றுத்திறனாளிகளும் போகக்கூடிய நடைபாதை அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவுல வர்ற உரிமைன்னு சொன்னாங்க. அதே வருஷம் அக்டோபர்ல, நடக்கறவங்களையும் சைக்கிள் மாதிரி வண்டிகளையும் பத்தி மாநில அரசுகள் ஆறு மாசத்துல விதி உண்டாக்கணும்னு உத்தரவு போட்டாங்க. சென்னை மாநகராட்சி கூட 2014லயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, போக்குவரத்துப் பணத்துல 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல எழுதியிருக்குங்க.

பழைய_ஓவர்சியர்:
இன்னொரு பிரிவு சேத்துக்குங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல 198ஏ. ரோட்டை டிசைன் பண்றவர், கட்டறவர், பராமரிக்கறவர் தரத்தைப் பின்பற்றாம, அதனால உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ 1 லட்சம் வரைக்கும் அபராதம். இவ்வளவு நாள் விபத்துன்னா டிரைவர் தப்பு இல்லைன்னா நடந்தவர் தப்பு, ரோடு மேல தப்பே இருக்காது. இப்ப ரோட்டையும் கேள்வி கேக்கலாம்.

அதனால மீனாம்மா, புகார் குடுக்கும்போது பிளாட்பாரம் சரியில்லைன்னு பொதுவா எழுதாதீங்க, அப்படி எழுதினா சரி செய்யப்பட்டதுன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. டேப் எடுத்துட்டுப் போய் அளந்து எழுதுங்க. சென்னைன்னா 1913, இல்லைன்னா நம்ம சென்னை ஆப், போட்டோவோட. பிளாட்பாரத்துல நிக்கற, ஓடற வண்டிக்கு டிராபிக் போலீஸோட ஆப் தனியா இருக்கு, நம்பர் பிளேட் தெரியற மாதிரி படம் வேணும். மாநிலம் முழுக்க முதல்வர் உதவி எண் 1100. பஸ் போற ரோடுன்னா மாநகராட்சியில பேருந்து தட சாலைகள் துறை, உள்தெருன்னா மண்டல அலுவலகம், இது மாறிப் போனா கடிதம் மேசை மேசையா சுத்தும்.

மாம்பலம்_மீனா:
இன்னிக்கு சாயங்காலம் நானும் தம்பியும் அளந்துட்டு வந்தோம். மொத்த அகலம் 2.1 மீட்டர் இருக்கு, ஆனா ஈபி பாக்ஸ் இருக்கற இடத்துல நடக்கக் கிடைக்கறது 70 சென்டிமீட்டர்தான். உயரம் ஒரு இடத்துல 28 சென்டிமீட்டர். மஞ்சள் டைல்ஸ் ஒரு வீட்டு சாய்வுக்கு அடியில சிமெண்ட்ல புதைஞ்சே போச்சு. அம்மா வாசல்ல நின்னு எங்களைப் பாத்துட்டு, பக்கத்து வீட்டு மாமியையும் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. எப்படி எழுதட்டும்?

பழைய_ஓவர்சியர்:
நல்லது, இப்படி எழுதுங்க: "இத்தெருவில் நடைபாதையின் மொத்த அகலம் 2.1 மீட்டர் இருந்தும், மின் பெட்டி அருகே நடக்கும் அகலம் 0.7 மீட்டர் மட்டுமே உள்ளது. ஐஆர்சி 103 வழிகாட்டியின்படி 1.8 மீட்டர் வேண்டும். உயரம் 280 மில்லிமீட்டர், இருக்க வேண்டியது 150. பார்வையற்றோருக்கான வழிகாட்டு ஓடுகள் தனியார் சாய்வுதளத்தால் மூடப்பட்டுள்ளன. முதியோர் சாலையில் இறங்கி நடக்க நேர்கிறது. மின் பெட்டியை இடம் மாற்றவும், சாய்வுதளங்களை அகற்றவும், எடுக்கும் நடவடிக்கையின் தேதியைத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்." கீழ கதவு எண்ணோட கையெழுத்து எத்தனை வாங்க முடியுமோ வாங்குங்க. ஒரு நகல் வார்டு கவுன்சிலருக்கு, ஒண்ணு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு, பாக்ஸை நகர்த்த அவங்கதான் வரணும். புகார் எண்ணைக் குறிச்சு வைங்க, முடிச்சாச்சுன்னு மெசேஜ் வந்தா போய்ப் பாத்துட்டு, முடியலைன்னா அதே எண்ணைப் போட்டு திரும்பத் திறங்க.

தென்காசி_துரை:
அண்ணாச்சி, எங்களுக்கு ஆப் எல்லாம் கிடையாது, பேரூராட்சிதான். யாருக்கு அனுப்பணும்?

பழைய_ஓவர்சியர்:
பேரூராட்சி ரோடுன்னா செயல் அலுவலருக்கு. பஜார் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்ப நெடுஞ்சாலை உதவிக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்பணும். மைல்கல்லோட தலை நிறத்தைப் பாருங்க, மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. ஒண்ணும் தெரியலைன்னா ரெண்டு பேருக்கும் பதிவுத் தபால்ல போடுங்க, ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க.